டின்னில் 600 டிகிரி என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸில் வேலைக்குப் போகிறேன். அப்பா ஓட்டிய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள்தான் என் வாகனம். இயந்திரத்தின் வெள்ளிச் சாயம் உரிந்து, அங்கங்கே வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. அடியில் கறுத்த எண்ணெய்ப் படிவு. பட்டறையில் இயந்திரத்தை இறக்கி, மணல் அடித்து, பவுடர் கோட்டிங் (சாயத்தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) செய்ய 600 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது 150 வெள்ளி. இணையக் கடையில் '600 டிகிரி தாங்கும்' ஸ்பிரே டின் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி நானே அடிக்கலாமா?

பதில்: நீங்களே அடிக்கலாம், தம்பி. ஆனால் அந்த டின்னை வாங்காதீர்கள்.

600 டிகிரி தாங்கும் சாயம் புகைக்குழாய்க்கென்று செய்யப்பட்டது. பெரும்பாலும் சிலிக்கோன் கலந்த அந்த வகை, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் வெந்தால்தான் இறுகும். உங்கள் இயந்திரத்தின் அடி உறை 100 டிகிரியை ஒட்டித்தான் சூடாகும். அங்கே அந்தச் சாயம் கடைசி வரை முழுதாக இறுகாது. பெட்ரோல் ஒரு துளி சிந்தினால் துணியோடு வந்துவிடும். எண் பெரிதாக இருந்தால் தரமும் பெரிது என்று நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான். நீங்கள் தேட வேண்டியது 'இயந்திர எனாமல்' வகை. 200 முதல் 300 டிகிரி வரை தாங்கும் என்றும், எண்ணெய், பெட்ரோல் பட்டாலும் கரையாது என்றும் டின்னில் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது வாசகம் இல்லாத டின்னை வைத்துவிட்டு வாருங்கள். சாதாரண ஸ்பிரே சாயமும் வேண்டாம். சிலிண்டர் தலையின் சூட்டில் மஞ்சளித்து உரியும்.

கடையில் இரண்டு பாகக் கலவைச் சாயத்தைப் பரிந்துரைக்கக்கூடும். உறுதியானதுதான். ஆனால் அதன் இறுக்கியில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அடுக்குமாடி நடைபாதையில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அதை அடிக்கவே கூடாது.

சாயத்துக்கு முன் அந்தக் கறுத்த படிவைக் கவனியுங்கள். எண்ணெய் எங்கிருந்தோ கசிகிறது. கசிவின் மேல் எந்தச் சாயமும் நிற்காது. முன் பல்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள ஆயில் சீலையும் (எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம்), சிலிண்டர் அடியிலுள்ள கேஸ்கெட்டையும் (இரு பாகங்களுக்கு நடுவே வைக்கும் மெல்லிய தகடு) பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். கசிவது சீல் வழியாக என்றால் சாமான் மலிவு, வேலையும் சிறிது. உங்கள் 150 வெள்ளியில் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். கேஸ்கெட் என்றால் சாய வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வண்டி உங்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முக்கியம்.

அடுத்து வெள்ளைத் தூள். 13.5 கிலோமீட்டர் பாலத்தில் தினமும் உப்புக் காற்றில் போய் வருகிறீர்கள். சாயம் உரிந்த இடத்தில் அலுமினியம் அரிக்கிறது. அதன் மேலேயே அடித்தால் சில மாதங்களில் கொப்புளிக்கும். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு அழுக்கைக் கரையுங்கள். பெட்ரோலால் கழுவாதீர்கள், தீ அபாயம். அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவும் வேண்டாம், அது அலுமினியத்தையே தின்றுவிடும். பிறகு கம்பித் தூரிகை, 180 எண் உப்புத்தாள், கடைசியாக 320. பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். அதற்குப் பிறகு விரல் படக்கூடாது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போகும்; போகட்டும். உலோகம் வெளியே தெரியும் இடத்தில் அலுமினியத்துக்கு ஏற்ற எட்சிங் பிரைமர் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) ஒரு கை அடியுங்கள். அது உங்கள் எனாமலோடு ஒத்துப்போகுமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் வாய், காற்றுக் குழாய்கள், மின்கம்பி இணைப்புகள், இயந்திர எண் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள். எண் மறைந்தால் பின்னாளில் பெயர் மாற்றும்போது வீண் தொல்லை.

மழை நாளில் அடித்தால் சாயம் வெளுத்துப்போகக்கூடும். வெயில் ஏறிய காலையில் அடியுங்கள். மெல்லிய பூச்சாக மூன்று முறை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவே தடித்துப் படியவிடாதீர்கள், இயந்திரம் அந்தத் தகடுகள் வழியாகத்தான் குளிர்கிறது. டின்னில் சொன்ன நேரம் காய்ந்தபின் சில நிமிடம் ஓடவிட்டு ஆறவையுங்கள். அடுத்த முறை தாமானை (குடியிருப்புப் பகுதியை) ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

மணல் அடிப்பதைப் பற்றி ஒன்று: முழுதும் பிரிக்காத இயந்திரத்தில் மணல் அடிக்க ஒப்பாதீர்கள். உள்ளே போகும் ஒரு சிட்டிகை மணல் பேரிங்கை அழித்துவிடும்.

கேள்வி: நிபோங் திபாலில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பார்த்தேன். இயந்திரம் புதுச் சாயத்தில் பளபளக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: பளபளப்புக்காக ஒரு வெள்ளியும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். போல்ட்டுகளின் தலையிலும் கேஸ்கெட் ஓரத்திலும் சாயம் படிந்திருந்தால், கழற்றாமல் மேலோட்டமாக அடித்திருக்கிறார்கள். கசிவை மறைக்கவும் அடித்திருக்கலாம். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே உதைத்து இயக்கிப் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அடியில் வெள்ளைத் தாளை விரித்துவையுங்கள். சொட்டு விழுந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். இயந்திர எண்ணைப் பதிவு அட்டையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் மேல் சாயம் தடித்திருந்தால், விற்பவரே உங்கள் முன்னால் சுரண்டிக் காட்டட்டும். மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் கிளம்புங்கள்.