பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், கென்யாவில் வெள்ளைக்காரப் பண்ணைகளுக்கென்று ஒதுக்கிய 'வெள்ளையர் மேட்டுநிலத்தில்' 'டூக்கா' கடைகளை ஏன் இந்தியர்களே நடத்தினார்கள்?

டூக்கா என்றால் சுவாஹிலியில் கடை. இந்தியில் 'துக்கான்' என்பார்களே, அதன் உறவுச் சொல்தான். தகரக் கூரை, முன்னால் வியாபாரம், பின்னால் குடும்பம், உள்ளே உப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி.

காரணம் நிலம்தான். மேட்டுநிலத்தில் இந்தியருக்கு விவசாய நிலம் தருவதில்லை என்பது 1908 முதலே லண்டனின் கொள்கை, பிறகு எத்தனையோ முறை போராடியும் பல பத்தாண்டுகள் அது மாறவில்லை. ஆனால் ஊருக்குள் கடை போடலாம். சரி, கடைதான் வழி என்று ஆனது. அந்தக் கடை இல்லாமல் வெள்ளைக்காரப் பண்ணைகளே திணறியிருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

நம் தெரு மளிகைக் கடையில் சம்பளம் வரும்வரை நோட்டில் எழுதி வாங்குவோம் இல்லையா, அங்கே பண்ணைக்காரர்களும் அப்படித்தான் கடனுக்கு வாங்குவார்கள், சம்பளத்துக்குப் பதில் அறுவடை. கடைக்காரரோ மொம்பாசா, நைரோபி மொத்த வியாபாரியிடம் கடன் வைத்திருப்பார், அதனால் சோளம் விலை விழுந்தால் பண்ணை, கடை, மொத்த வியாபாரி என்று எல்லோருக்கும் அடி.

அப்புறம், கென்யாவில் ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து வந்த கூலிகளே கடை வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வந்த சுமார் 32,000 பேரில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள், கடைக்காரர்களில் அதிகம் பேர் ரயில் வேலைக்கு அல்லாமல் குஜராத் பக்கமிருந்து தாங்களாகவே வந்தவர்கள்.