ஷெட்டில் இறங்கும்போது என்ன விலை? கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: பண்ருட்டி அருகே முந்திரி உடைக்கும் ஆலை நடத்துகிறேன். ஆப்பிரிக்கக் கொட்டைக்கு இரண்டு பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். டன்னுக்குக் குறைவாகச் சொன்னவரிடம் வாங்கலாமா?

பதில்: அவுட்டர்ன் எவ்வளவு என்று கேட்டீர்களா? 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதுதான் அந்தக் கணக்கு. ஒருவருடைய கொட்டை 48, மற்றவருடையது 44 என்றால், டன்னுக்கு 22 கிலோவுக்கு மேல் பருப்பு குறைகிறது. அதை நீங்கள் பருப்பு விற்கும் விலையால் பெருக்கிப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும். ஈரப்பதத்தின் அளவையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். ஈரக் கொட்டை கண்டெய்னருக்குள் வாரக்கணக்கில் வியர்த்துக்கொண்டே வரும்.

விலை 'சி.ஐ.எஃப். தூத்துக்குடி' (சரக்கு விலையோடு காப்பீடும் தூத்துக்குடி வரை கப்பல் வாடகையும் சேர்ந்தது) என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. கப்பல் வாடகையும் காப்பீடும் விற்பவர் கட்டுவதால், தூத்துக்குடி வரும்வரை சரக்கு அவர் பொறுப்பு என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில், ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே சேதத்தின் அபாயம் உங்கள் தலையில் வந்துவிடுகிறது. நீங்கள் கேட்காவிட்டால் அவர் எடுத்துத் தருவதும் குறைந்தபட்சக் காப்பீடுதான். மழைநீர் புகுந்து கொட்டை பூசணம் பிடித்தால் அதில் இழப்பீடு கிடைக்காது. விலை பேசும்போதே முழுக் காப்பீடு கேளுங்கள்.

அதன்பின் துறைமுகச் செலவு, இலவச நாட்கள் தாண்டினால் ஏறும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்), பண்ருட்டி வரை லாரி வாடகை, இறக்குகூலி. எல்லாவற்றையும் கூட்டி, கிடைக்கும் பருப்பின் எடையால் வகுத்து, இரண்டு பேரையும் ஒப்பிடுங்கள். அதற்கு முன் யாருக்கும் முன்பணம் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: கொள்முதல், லாஜிஸ்டிக்ஸ் இரண்டும் ஒன்றுதானே? (கல்லூரி மாணவி, கடலூர்)

பதில்: இல்லை. யாரிடம், எந்தத் தரத்தில், எந்த நிபந்தனையில் வாங்குவது என்பது கொள்முதல். வாங்கியதை ஏற்றி, இருப்பு வைத்து, உரிய நாளில் உரிய இடத்தில் சேர்ப்பது லாஜிஸ்டிக்ஸ். முதல் கேள்வியைப் படியுங்கள். விநியோகச் சங்கிலியில் இரண்டும் எங்கே பின்னிக்கொள்கின்றன என்பது தெரியும்.

கேள்வி: புதுச்சேரியின் சேதராப்பட்டில் சிறு தொழிற்சாலை. 30,000 ரூபாய் மதிப்புள்ள உதிரிப் பாகங்களை ஜாப் ஒர்க்குக்காக (வெளியாரிடம் கொடுத்து வேலை செய்து வாங்குவது) கடலூருக்கு அனுப்புகிறோம். இ-வே பில் (சரக்கு அனுப்ப ஜி.எஸ்.டி.யில் இணையவழி எடுக்கும் சீட்டு) தேவையில்லை என்கிறார் நண்பர்.

பதில்: தேவை. புதுச்சேரி யூனியன் பிரதேசம். எல்லை தாண்டினாலே மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. விற்பனைக்குப் போனால் 50,000 ரூபாய்க்கு மேல்தான் இ-வே பில். ஆனால் எல்லை தாண்டி ஜாப் ஒர்க்குக்குப் போனால் மதிப்பு வரம்பே கிடையாது. நண்பர் மனதில் இருப்பது தமிழ்நாட்டுக்குள் உள்ள 1 லட்சம் ரூபாய் வரம்பாக இருக்கலாம். அது விழுப்புரத்திலிருந்து கடலூருக்கு அனுப்புகிறவருக்கு. டெலிவரி சலான் (விற்பனை இல்லாமல் அனுப்பும் சரக்குக்கான சீட்டு), இ-வே பில் இரண்டும் கையில் இல்லாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். முதலாளி செய்யாத வேலைக்கு ஓட்டுநர் நடுரோட்டில் பதில் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

கேள்வி: எங்கள் உணவுப் பொருள் நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டி சென்னையிலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் எவ்வளவு இருப்பு வைப்பது?

பதில்: தினமும் 400 பெட்டி செலவாகி, ஆர்டர் செய்த நான்காம் நாள் சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இருப்பு 1,600ஐத் தொடும்போது ஆர்டர் போட்டால் போதும். இது கோடைக்காலக் கணக்கு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து வந்த வெள்ளத்தில் விழுப்புரம் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சரக்கு வர 9 நாள் ஆகலாம் என்று வைத்து 3,600இல் ஆர்டர் போடுங்கள். கூடுதலான 2,000 பெட்டிக்கு முடங்கும் பணம், வேலை நிற்கும் ஒரு நாளின் நட்டத்தைவிடக் குறைவா என்று உங்கள் கணக்கில் பார்த்துவிடுங்கள். பெட்டிகளைத் தரையில் அடுக்க வேண்டாம்; மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள்.