சேஸிஸைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா ஜீப் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. "ஆர்.சி.யைப் பிறகு ஏஜென்ட் மூலம் எடுத்துக்கலாம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: வேண்டாம். ஆர்.சி. இல்லாத ஜோங்காவுக்கு இரும்புக்கடை விலைதான். ஸ்கிராப் என்று ஏலம் விட்ட வண்டியை எந்த ஏஜென்டாலும் சாலைக்குக் கொண்டுவர முடியாது.

ஆர்.சி. உள்ள ஜோங்கா கிடைத்தாலும் பானெட்டைத் திறந்து பாருங்கள். நிசான் பேட்ரோல் வடிவமைப்பில் 1969 முதல் ஜபல்பூரில் செய்த வண்டி இது. ராணுவத்துக்குப் போனவற்றில் இருந்தது 3956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் தாண்டாது என்பதால் பலர் டீசல் இன்ஜினை இறக்கி வைத்துவிட்டார்கள். உள்ளே டீசல் ஓட, ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்தால் எஃப்.சி.க்குப் போகும் நாளில் மாட்டுவது நீங்கள்தான், விற்றவர் அல்ல.

கேள்வி: "1944 வில்லீஸ், ஒரிஜினல்" என்று ஒரு ஜீப் விற்பனைக்கு வந்திருக்கிறது. டேஷ்போர்டில் பித்தளைத் தகடும் இருக்கிறது. நம்பலாமா? (கோவை)

பதில்: தகடு தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. அதை நம்பி மஹிந்திரா செய்த சிஜே-3பி ஜீப் ஒன்றை வில்லீஸ் விலைக்கு வாங்கிய ஆள்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

டேப் பிடித்து அளந்து பயனில்லை. வில்லீஸின் போர்க்கால மாடலான எம்பிக்கும் மஹிந்திராவின் சிஜே-3பிக்கும் வீல்பேஸ் 80 அங்குலம்தான், இன்ஜினும் 2199 சிசிதான். வித்தியாசம் வால்வுகளில் இருக்கிறது. எம்பியில் எல்லா வால்வுகளும் இன்ஜின் பிளாக்கிலேயே இருப்பதால் அதன் மேல்மூடியான ஹெட் தட்டையாக இருக்கும், பானெட் தாழ்ந்திருக்கும். 3பியில் இன்டேக் வால்வுகள் ஹெட்டுக்கு ஏறிவிட்டன. இன்ஜின் உயர்ந்தது, பானெட்டும் தூக்கிக்கொண்டது. அடுத்து பின்பக்கம் போங்கள். எம்பிக்குத் திறக்கும் பின்கதவு கிடையாது. ஸ்டெப்னி பின்னால்தான் தொங்கும். முன்விளக்குகள் கீல் வைத்தவை. திருப்பினால் இன்ஜின் பக்கம் வெளிச்சம் விழும், இரவில் ரிப்பேர் பார்க்க அந்த ஏற்பாடு.

ஹரியானாவின் மண்டி டப்வாலியில் புது பாடி அடித்து நன்றாகவே ஜீப் கட்டுகிறார்கள். அதில் குற்றமில்லை, அதற்கு 1944 என்று பெயர் வைப்பதுதான் மோசடி. இன்னொன்று: 2021 விதிகளின்படி வின்டேஜ் பதிவு வேண்டுமானால் வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பதிவோடு தினமும் ஆபீஸ் போக முடியாது.

கேள்வி: மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் வாங்கி இரண்டு நாள் ஆகிறது. தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் வளைவில் ஸ்டியரிங் இறுகுகிறது, டயர் கிறீச்சிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (திண்டுக்கல்)

பதில்: இல்லை. வண்டி சரியாக இருக்கிறது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். சேற்றில் வழுக்கிச் சரிக்கட்டிவிடும், தாரில் வழுக்காது. நேராக நிறுத்தி, நாலடி ரிவர்ஸ் எடுத்து, லீவரை டூ வீலுக்குத் தள்ளுங்கள். இதை வாங்குமுன் கேட்டிருக்கலாம்.

கேள்வி: மாருதி ஜிப்சிக்கு 33 அங்குல டயர் போடலாமா? (சேலம்)

பதில்: போடலாம். பிறகு இன்ஜினால் இழுக்க முடியாத ஐந்தாவது கியரையும், குறைத்துக் காட்டும் ஸ்பீடோமீட்டரையும் மறந்துவிடலாம்.

கேள்வி: பழைய மஹிந்திரா கமாண்டர் ஜீப்பை, உள்ளேயே தங்கிப் பயணம் போகும் கேம்பராக்க ஒரு பட்டறையில் கொட்டேஷன் தந்திருக்கிறார்கள். 18 மி.மீ. பிளைவுட் 3 ஷீட், 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி, 60 லிட்டர் தண்ணீர் டேங்க், 40 லிட்டர் ஃபிரிட்ஜ், கூரைமேல் டென்ட். விலை நியாயமா? (மதுரை)

பதில்: எடை எவ்வளவு என்று கேட்டீர்களா? யாருமே கேட்பதில்லை. எட்டுக்கு நாலு பிளைவுட் ஒரு ஷீட் சுமார் 35 கிலோ, மூன்றுக்கு 105. பேட்டரி 55, தண்ணீர் 60, சாமான் அடைத்த ஃபிரிட்ஜ் 30, டென்ட் 55. ஆக 305 கிலோ. இன்னும் நீங்களும் மனைவியும் ஏறவில்லை, அடுப்பும் அரிசியும் ஜாக்கியும் ஏறவில்லை. எல்லாம் சேர்ந்தால் அரை டன்.

டீசல் டேங்கை நிரப்பி, காலி வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்களுக்கு அனுமதி. அதை மீறினால் பின் ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகி ஆக்ஸில் ரப்பரில் இடிக்கும், முன்விளக்கு மரக்கிளையைக் காட்டும், இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறிக் கைவிடும். கேன்வாஸ் கூரையின் பைப் சட்டம் டென்ட்டைத் தாங்கப் பிறந்ததல்ல; தாங்கினாலும் உச்சியில் 55 கிலோ, கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி வீட்டு மூலையில் அசையாமல் இருக்கச் செய்தது. வண்டி குலுங்கினால் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், நீங்கள் அதன் பக்கத்தில் தூங்குவீர்கள். 150 ஆம்பியர்-ஹவரில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுசும் போய்விடும். 12 கிலோ எடையுள்ள 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் (இரும்பு பாஸ்பேட் வகை) அதே வேலையைச் செய்யும். வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்ற அதற்கென்று டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். பிளைவுட் 12 மி.மீ. போதும், ஷீட்டுக்கு 12 கிலோ மிச்சம். டேங்குக்குப் பதில் 20 லிட்டர் கேன் இரண்டு, இரு ஆக்ஸிலுக்கும் நடுவில், தரையோடு.

ஃபிரிட்ஜுக்கு 6 சதுர மி.மீ. ஒயர் கேளுங்கள். 1.5ல் இழுத்தால் ஐந்து மீட்டருக்குள் அரை வோல்ட்டுக்குமேல் காணாமல் போகும், நள்ளிரவில் ஃபிரிட்ஜ் தானாக அணையும். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும்; ஃபிரிட்ஜ் பக்கம் வைத்தால் இடையில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது வேடிக்கை பார்க்கும். இத்தனைக்கும் பிறகு விலையைப் பற்றி எழுதுங்கள், பேசலாம்.

கேள்வி: ஜீப்பைப் புதுப்பிக்க ஒரு பட்டறையில் 1,80,000 ரூபாய் முன்பணம் கொடுத்து 14 மாதம் ஆகிறது. வண்டி பிரித்துப்போட்டபடியே கிடக்கிறது. இப்போது போனையும் எடுப்பதில்லை. (தஞ்சாவூர்)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. முதலில் நேரில் போய், சேஸிஸ் எண், இன்ஜின் எண் தெரிய எல்லா பாகங்களையும் படம் எடுங்கள்; பாகங்கள் கைமாறத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். இன்ஜின் அங்கே இல்லை என்று தெரிந்தால் அன்றே போலீசுக்குப் போங்கள்.

கேள்வி: பழைய ஜீப் பார்க்கப் போகும்போது கையில் என்ன கொண்டுபோக வேண்டும்? (நாகர்கோவில்)

பதில்: சின்ன சுத்தியல், காந்தம், டார்ச். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி அப்பியிருக்கிறது. ஸ்பிரிங் பட்டை மாட்டும் கொக்கிகள், பாடி உட்காரும் இடங்கள், கடைசிக் குறுக்குச் சட்டம், பேட்டரிக்கு அடியில் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது தொப்பென்று கேட்கும். அடிப்பக்கம் புதிதாகத் தார் பூசியிருந்தால் இரண்டு தடவை தட்டுங்கள். தட்ட விடாதவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.