‘உனக்குப் புரியாது’ என்றீர்களாமே!

கேள்வி: ஓய்வுபெற்ற பின் நிறையப் படிக்கிறேன். மாய் ஷோவால், பேர் வாலூ எழுதிய ஸ்வீடன் துப்பறியும் நாவல்கள் பத்தையும் ஆங்கிலத்தில் முடித்தேன். முதல் சில அருமை; போகப்போக அரசியல் பிரசாரம். ஸ்வீடன் பிரதமர் ஒலோஃப் பால்மே கொலை பற்றிய நூலையும் எடுத்தேன், 40 பக்கத்தோடு சரி. என்ன கதை என்று மனைவி கேட்பாள். உனக்குப் புரியாது என்பேன். துப்பறியும் கதையில் அரசியல் எதற்கு?

பதில்: போகிறபோக்கில் மனைவியைப் பற்றி எழுதினீர்களே, அதுதான் உறுத்துகிறது. அந்த நாவல்களை எழுதியது ஒரே வீட்டில் வாழ்ந்த ஆணும் பெண்ணும். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவில் ஆளுக்கு ஓர் அத்தியாயமாக மாறிமாறி எழுதினார்கள். அதைப் படித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரின் வாயை அடைக்கிறீர்கள். நீங்கள் வேலைக்குப் போய்வர வீட்டைக் கட்டிக்காத்தவர் அவர். உங்கள் ஓய்வில் அவருக்குப் பங்கில்லையா?

அரசியல் அதில் பின்னால் ஒட்டவைத்ததல்ல. நாவலுக்கு 30 அத்தியாயம், பத்தும் சேர்ந்து ஒரே கதை என்பதுதான் திட்டம். தொழிலாளியைக் கைவிட்ட அரசுதான் அதில் குற்றவாளி. முதல் நாவல் வந்த 1965-ல்தான் ஊர் ஊராக இருந்த ஸ்வீடன் போலீஸை மைய அரசு தன் கையில் எடுத்தது. பிந்தைய நாவல்களில் மேலதிகாரிகள்மேல் பாயும் கோபத்தின் வேர் அங்கே.

பால்மே நூலில், முதலில் அது வெளியான ஆண்டைப் பாருங்கள். கொலை 1986 பிப்ரவரி 28. 1989-ல் கீழ் நீதிமன்றம் ஒருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் விடுதலை. 2020-ல் வழக்கை மூடினார்கள். ஆசிரியர் எந்த ஆண்டில் நின்று பேசுகிறார் என்று தெரியாவிட்டால் 40 பக்கத்தில் குழப்பம்தான். ஒரு தாளை மடித்து நூலுக்குள் வையுங்கள். ஒரு பக்கம் பெயர், பதவி, முதலில் வரும் பக்க எண். மறுபக்கம் தேதி, நேரம். அந்த வழக்கின் முக்கிய சாட்சி, கணவரோடு சினிமா பார்த்துவிட்டு நடந்து வந்த லிஸ்பெத் பால்மே. அவர் அடையாளம் காட்டியதை நம்பலாமா என்பதில்தான் தீர்ப்பே மாறியது. ஒரு மனைவியின் கண் பார்த்த விஷயம் உங்கள் மனைவிக்கா புரியாது?

முதல் நாவலை மறுபடி எடுங்கள். இரவுக்கு மூன்று அத்தியாயம், பத்து இரவு. நீங்கள் வாசித்துத் தமிழில் சொல்லுங்கள். பெயர்த் தாளை அவர் எழுதட்டும். கொலையாளி யாரென்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். கால்வாயில் தூர்வாரும்போது பெயர் தெரியாத ஒரு பெண்ணின் பிணம் மேலே வரும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, எங்கிருந்து விசாரிக்கலாம் என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்வதையும் அந்தத் தாளில் குறித்துவையுங்கள்.