சொகுசுக் கப்பலும் ஆறு மாதக் கணக்கும்

கப்பல் பயணம் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாஸ்போர்ட் தேதியைப் பற்றியே கேட்கின்றன. பல நாடுகள், உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும் என்கின்றனவே, அந்தக் கணக்குதான். பயணிகள் முனையத்தில் செக்-இன் கவுண்டரில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவள் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என்னிடம் தள்ளிவிட்டார்.

கேள்வி: மார்ச் 7 சிங்கப்பூரில் கப்பலேறுகிறோம். பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு 14ஆம் தேதி சிங்கப்பூரிலேயே இறங்குகிறோம். என் கணவரின் பாஸ்போர்ட் செப்டம்பர் 10 வரை செல்லும். ஏறும் நாளில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதே, போதாதா?

பதில்: போதாது. உங்கள் கணக்கு விமானப் பயணத்துக்குச் சரி; ஒரு ஊரில் போய் இறங்கினால் அதோடு கதை முடிந்தது. கப்பலில் நீங்கள் ஒரே பயணத்தில் பல நாடுகளுக்குள் நுழைகிறீர்கள். மார்ச் 14 காலை சிங்கப்பூரில் இறங்கும்போது, மலேசியாவும் தாய்லாந்தும் போய்விட்டுப் புதிதாக நுழையும் ஆளாகத்தான் இமிகிரேஷன் உங்களைப் பார்க்கும். அன்றிலிருந்து ஆறு மாதம் என்றால் செப்டம்பர் 14. நாலு நாள் குறைகிறது.

நாலு நாள்தானே என்று கெஞ்சுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் இருப்பவருக்கு அதில் விட்டுக்கொடுக்க அதிகாரமே கிடையாது. பல கப்பல் நிறுவனங்கள் நாடுகளின் விதி எப்படி இருந்தாலும், பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதம் என்று தாங்களே ஒரு கோடு போட்டிருக்கின்றன. புக்கிங் நிபந்தனைகளில் அது இருக்கும்; யாரும் படிப்பதில்லை. அதனால் ஏறும் தேதியை மறந்துவிட்டு இறங்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள். புயல், இயந்திரக் கோளாறு என்று கப்பல் தாமதமாகவும் திரும்பலாம். ஆகவே ஒரு மாதமாவது கூடுதலாகக் கையில் இருக்கட்டும். உங்கள் கணவர் இப்போதே புதுப்பித்துக்கொள்வதுதான் நல்லது.

கேள்வி: குடும்பத்தில் நால்வரும் ஒரே நாளில் பாஸ்போர்ட் எடுத்தோம். என்னுடையதைப் பார்த்தேன், இன்னும் பல வருடம் இருக்கிறது. மற்றவர்களுடையதையும் பார்க்க வேண்டுமா?

பதில்: அவசியம் பாருங்கள், முதலில் பிள்ளைகளுடையதை. பெரியவர்களுக்கு 10 ஆண்டு கொடுக்கும் பல நாடுகள் சிறுவர்களுக்கு 5 ஆண்டுதான் கொடுக்கின்றன.

ஒரு குடும்பம் என் கவுண்டருக்கு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்பா நான்கு பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்ட் போட்டு நீட்டினார். முதல் மூன்றும் ரீடரில் பச்சை. சின்னப் பெண்ணுடையது சிவப்பு: நான்கு மாதம்தான் மிச்சம். அந்தக் குழந்தை, கழுத்தில் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணாடிச் சுவர் வழியாகக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மாவும் சின்னவளும் திரும்பிப் போனார்கள். அப்பாவும் பெரியவளும் ஏறினார்கள். திரும்பிப் போன இருவரின் கட்டணத்தில் ஒரு காசு வரவில்லை. ஆவணக் குறைபாட்டால் ஏற முடியாமல் போனால் பணம் கிடையாது என்பதும் அந்த நிபந்தனைகளில் இருக்கிறது. பயணக் காப்பீடும் பொதுவாக இதற்குக் கைகொடுக்காது.

கேள்வி: என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 2016 ஜூனில் வழங்கியது, 2027 பிப்ரவரி வரை செல்லும். 2026 ஆகஸ்டில் பார்சிலோனாவில் தொடங்கும் மத்தியதரைக் கடல் பயணத்துக்கு ஆறு மாதம் சரியாக இருக்கிறதல்லவா?

பதில்: ஆறு மாதம் இருக்கிறது, ஆனாலும் போக முடியாது! ஷெங்கன் நாடுகளின், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின், விதியே வேறு. அவர்கள் இரண்டு விஷயம் பார்க்கிறார்கள். அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதம் செல்ல வேண்டும். அதில் நீங்கள் தேறிவிட்டீர்கள். உள்ளே நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கி 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. உங்களுடையது 2026 ஜூனோடு 10 ஆண்டைத் தாண்டிவிடுகிறது. பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பிரிட்டனில் 2018 செப்டம்பர் வரை இருந்தது. உங்களுக்குக் கிடைத்த அந்த எட்டு மாதம் ஐரோப்பாவில் செல்லாக்காசு. காலாவதித் தேதியை மட்டும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வழங்கிய தேதியையும் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்கக் குடிமகனான என் தம்பி, கரீபியன் கப்பலுக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் போதும் என்கிறான். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணமாக இருந்தால், அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழும் அரசு வழங்கிய போட்டோ அடையாள அட்டையும் காட்டி நாடு திரும்பலாம். அது அமெரிக்காவின் சலுகை. வழியில் உள்ள தீவு பாஸ்போர்ட் கேட்டால் இந்தச் சலுகை அங்கே உதவாது. அதைவிட, நடுவழியில் நெஞ்சுவலி வந்து ஏதோ ஒரு தீவில் இறக்கிவிட்டால் வீட்டுக்கு விமானத்தில்தானே வர வேண்டும்? விமானத்தில் பிறப்புச் சான்றிதழ் எடுபடாது. தம்பியைப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்றால் இந்தப் பேச்சே உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: ஒரு துறைமுகத்தில் நாங்கள் இறங்கவே போவதில்லை. அந்த நாட்டு விசா வேண்டுமா?

பதில்: பல இடங்களில் வேண்டும். கப்பல் அந்த நாட்டுக்குள் வருகிறது, அதில் நீங்கள் இருக்கிறீர்கள். ஷெங்கன் விசா எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நடுவில் துருக்கி போன்ற வெளி நாட்டைத் தொட்டுவிட்டு மறுபடி ஐரோப்பாவுக்கு வருகிற பயணம் என்றால் மல்டிபிள் என்ட்ரி விசாவாக இருக்க வேண்டும்.

கேள்வி: புக்கிங் செய்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். எண் மாறிவிட்டது. ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: கப்பல் நிறுவனத்தின் ஆன்லைன் செக்-இன்னில் எண், வழங்கிய தேதி, காலாவதித் தேதி மூன்றையும் மாற்றுங்கள். பயணிகள் பட்டியல் துறைமுகங்களுக்கு முன்கூட்டியே போய்விடும். தேதி எழுதும் முறையில் கவனம்: 05/11 என்பது சிலருக்கு நவம்பர் 5, அமெரிக்க முறையில் மே 11. சந்தேகம் வந்தால் போட்டோ பக்கத்தின் அடியில் ஓடும் இரண்டு வரிகளில் கீழ்வரியைப் பாருங்கள். பிறந்த தேதியும் காலாவதித் தேதியும் அதில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு ஆறு இலக்கமாக இருக்கும். நவம்பர் 5, 2031 என்றால் 311105. எங்கள் ரீடர் படிப்பது அந்த வரிகளைத்தான்.

பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இரண்டையும் கொண்டு போங்கள். ஆனால் அமெரிக்காவின் எஸ்டா, பிரிட்டனின் இடிஏ போன்ற மின் அனுமதிகள் பாஸ்போர்ட் எண்ணோடு ஒட்டியவை. அவற்றைப் புதிதாக வாங்க வேண்டும்.

கேள்வி: கப்பலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே, கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். சில வழித்தடங்களில் எல்லோருடையதையும் மொத்தமாக அதிகாரிகளிடம் காட்ட வேண்டியிருப்பதால் வாங்கி வைப்பார்கள். பயணம் முடியும் முன் திருப்பித் தருவார்கள். கொடுப்பதற்கு முன் போட்டோ பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் நகல் எடுத்து, கரையில் இறங்கும்போது பையில் வைத்துக்கொள்ளுங்கள்.