முதலில் தூசி, அப்புறம்தான் ஓவர்கிளாக்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே வீடு. மகன் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறான். காலேஜில் சேரும்போது 62,000 ரூபாய்க்குக் கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். ரைசன் 5 புராசஸர், 8 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் சிப் என்று எழுதித் தந்திருக்கிறான். இப்போது கேம் போட்ட இருபது நிமிடத்தில் கீபோர்டில் கை வைக்க முடியாமல் சுடுகிறது, படம் திக்கித் திக்கி ஓடுகிறது. புதுச்சேரியில் ஒரு கடையில் ஓவர்கிளாக், ராம், கிராபிக்ஸ் அப்கிரேடு மூன்றும் சேர்த்து 14,500 ரூபாய் கேட்கிறார்கள். லேப்டாப்பை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகவும் சொல்கிறார்கள். ஓவர்கிளாக் செய்தால் பேட்டரி வெடிக்கும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. அந்த மூன்றில் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது ராம் ஒன்றுதான். அதையும் விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. அது அந்தப் பட்டியலிலேயே இல்லை. லேப்டாப்பைத் திறந்து தூசி எடுத்து, சிப்பின் சூட்டை வெளியே கடத்த அதன் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும்.

ஓவர்கிளாக் என்றால் சிப்பை அதற்குக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. வேகம் கூடினால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் சூடு கூடும். மேஜை மேல் வைக்கும் பெரிய கம்ப்யூட்டரில் அந்தச் சூட்டை வெளியே தள்ள இடம் உண்டு. லேப்டாப்பில் ஒரு விரல் தடிமனுக்குள் புராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் பெரும்பாலும் அதே செம்புக் குழாய்களைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. உங்கள் மகனுடைய ரைசன் சிப், மாடலைப் பொறுத்து 95 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும் அதன் எல்லையைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். கிராபிக்ஸ் சிப்பும் அதற்கான எல்லை வந்ததும் அப்படித்தான் செய்யும். இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் திக்க ஆரம்பிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மெஷின் ஏற்கெனவே தன் முழு வேகத்தில் ஓட முடியாமல் நிற்கிறது. அதைப் போய் ஓவர்கிளாக் செய்வது, வடிகால் அடைத்துக் கிடக்கும்போது குழாயை இன்னும் திறந்து விடுகிற கதைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ரைசன் லேப்டாப் சிப்பின் வேகம் பூட்டப்பட்டிருக்கிறது, அதைக் கூட்ட முடியாது. கிராபிக்ஸ் சிப்பை மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். நன்றாகக் குளிர்ந்து ஓடும் மெஷினில் அதனால் நூற்றுக்கு ஐந்து, மிஞ்சிப்போனால் பத்து கூடுதலாகக் கிடைக்கும். அதற்கான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேர் இலவசம். அதற்கு ஒரு கடை எதற்குக் காசு வாங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை.

வெடிக்குமா என்ற பயத்துக்குப் பதில்: சிப் வெடிக்காது. அளவு மீறினால் அணைந்துவிடும். பேட்டரி விஷயம் வேறு. அது வருடக் கணக்கில் சூட்டில் கிடந்தால் உப்பும். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, சமமான தரையில் லேப்டாப்பை வைத்தால் ஒரு மூலை ஆடினாலோ, உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் பேட்டரியை மாற்றிவிடுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்திப் பார்க்கவோ குத்தவோ கூடாது. அப்படி ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம். எப்போதும் சார்ஜரில் செருகியே விளையாடுகிறவர்கள், செட்டிங்கில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான கேமிங் லேப்டாப்பில் அந்த வசதி இருக்கிறது.

கிராபிக்ஸ் அப்கிரேடு என்று சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோடு ஈயம் வைத்துச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கழற்றி மாட்டும் பொருளே அல்ல. மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எங்கோ உடைந்த லேப்டாப்பிலிருந்து எடுத்த மதர்போர்டை மாட்டப்போகிறார், இல்லாவிட்டால் எதையும் செய்யாமல் பணம் வாங்கப்போகிறார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன கடையில் வேறு எதையும் செய்துகொள்ள வேண்டாம்.

இனி தூசிக்கு வருகிறேன். உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை மழைக்காலம் தாங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதே உப்புக்காற்றைத்தான் லேப்டாப் ஃபேன் மணிக்கணக்கில் உள்ளே இழுக்கிறது. தேவனாம்பட்டினம், முதுநகர், வைத்திக்குப்பம் பக்கமிருந்து வரும் மெஷின்களைத் திறந்தாலே தெரியும். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் தகட்டு வரிசைக்கும் நடுவில் தூசி படிந்து, கம்பளித் துண்டு மாதிரி ஒரே பட்டையாக உட்கார்ந்திருக்கும். ஊருக்குள் இருக்கிற லேப்டாப்பில் அது உதிரும். கடலோர லேப்டாப்பில் ஈரமும் உப்பும் சேர்ந்து இறுகியிருக்கும், இடுக்கியால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுப் பட்டையாக உரிந்து வரும். அதற்குப் பின்னால் அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், செம்புக் குழாயில் பச்சை ஏறியிருக்கும். ஃபேன் எவ்வளவு கத்தினாலும் காற்று வெளியே வராது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மகன் விளையாடும்போது காற்று வரும் துவாரத்துக்கு நேரே உள்ளங்கையை வையுங்கள். சத்தம் பலமாக இருந்து காற்று மெல்லியதாக வந்தால் அடைப்பு என்று அர்த்தம்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடுகிறவரிடமிருந்து லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டுதான் காற்று அடிக்க வேண்டும், சுழல விட்டு அடித்தால் அதன் பேரிங் போய்விடும். அப்புறம் சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க்கைக் கழற்றி, காய்ந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். மூன்று வருடத்தில் அது சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும். முக்கால் மணி நேர வேலை, இரண்டு நாள் தேவையில்லை. ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். கடலோரத்தில் இருக்கிற நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். சில விலை உயர்ந்த கேமிங் லேப்டாப்பில் கம்பெனியே சாதாரண பேஸ்ட்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் வைத்து அனுப்புகிறது. காலியம் என்ற உலோகம் கலந்த கலவை அது, பாதரசம் மாதிரி உருளும். சூட்டைப் பிரமாதமாகக் கடத்தும், கூடவே கரண்டையும் கடத்தும். அலுமினியத்தில் பட்டால் அதை அரித்துவிடும். போன வருடம் என்னிடம் ஒரு லேப்டாப் வந்தது. வேறொரு கடையில் பேஸ்ட் மாற்றியிருந்தார்கள், அதன் பிறகு உயிரே வரவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கிராபிக்ஸ் சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன கெப்பாசிட்டருக்கு நடுவில், கடுகில் பாதி இருக்கும், ஒரு வெள்ளி உருண்டை. உள்ளே இருந்தது லிக்விட் மெட்டல் என்று தெரியாமல், சாதாரண பேஸ்ட் என்று நினைத்துத் துணியால் இழுத்துத் துடைத்திருக்கிறார்கள். தெறித்த ஒரு துளி போர்டையே கொன்றுவிட்டது. அந்தப் பையன் அழுததை நான் மறக்கவில்லை. உங்கள் விலையில் வாங்கிய லேப்டாப்பில் இது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் மாடல் நம்பரைப் போட்டு, கம்பெனியின் பக்கத்தில் லிக்விட் மெட்டல் என்ற சொல் இருக்கிறதா என்று மகன் ஒருமுறை பார்த்துவிடட்டும். இருந்தால், அதைக் கையாளத் தெரிந்தவர்தான் ஹீட் சிங்க்கைத் தொட வேண்டும். சாதாரண பேஸ்ட் இருக்கும் மெஷினில் புதிதாக இதை வைத்துத் தருகிறேன், பத்து டிகிரி குறையும் என்று யாராவது சொன்னால், வேண்டவே வேண்டாம். பையில் போட்டு, டவுன் பஸ்ஸில் குலுங்கி, வண்டியில் சாய்ந்து போகிற பொருளுக்குள் உருளும் உலோகம் எதற்கு?

ராம் போடுவது நல்ல செலவு. 8 ஜிபி இன்றைய கேம்களுக்குப் பற்றாது. ராம் செருகும் இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ராம் இருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும், திக்கலும் குறையும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் இன்னொரு 8 ஜிபி போதும். ராமில் டிடிஆர் 4, டிடிஆர் 5 என்று தலைமுறைகள் உண்டு. இருப்பது டிடிஆர் 4 என்றால் டிடிஆர் 4 மட்டும்தான் பொருந்தும், டிடிஆர் 5-இல் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மூன்று இடத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இங்கேதான் ஏமாற்று வேலையே நடக்கிறது. லேப்டாப்பை விட்டுவிட்டுப் போகச் சொல்வது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? உள்ளே இருக்கும் நல்ல ராமைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுவது, ஃபைல்களைச் சேமித்து வைக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டியை எடுத்துவிட்டு அதே அளவில் மலிவான ஒன்றைப் போடுவது, பழைய லேப்டாப்பில் கழற்றியதைத் துடைத்துப் புதிது என்று விற்பது, எல்லாம் நடக்கிறது. எல்லாக் கடையும் அப்படி இல்லை. ஆனால் நேர்மையான கடைக்காரர் நீங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் கோபப்பட மாட்டார். கவர் திறந்ததும் ராம், எஸ்எஸ்டி இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை மகன் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும், மூடுவதற்கு முன் ஒத்துப் பார்க்கட்டும். எஸ்எஸ்டி புதிதாக வாங்கினால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதியதில் ஓரிரண்டு மணி நேரம் இருக்கலாம், மூவாயிரம் மணி நேரம் என்று காட்டினால் அது யாருடைய லேப்டாப்பிலோ உழைத்த எஸ்எஸ்டி.

பாண்டியில் வாங்கினால் வரி குறைவு என்று முள்ளோடை தாண்டிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதெல்லாம் பழைய கணக்கு. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் இரண்டு பக்கமும் ஒரே 18 சதவீதம்தான். பில் இல்லாமல் தருகிறேன், அந்த 18-ஐக் கழித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பில் இல்லாத பொருளுக்கு வாரன்டி கேட்க முடியாது. கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கிடைக்கிற ராமை பில்லோடு அங்கேயே வாங்கலாம், பஸ் செலவு மிச்சம். பில்லோடு வாங்கிய பொருளில் ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சார்ஜரையும் பாருங்கள். பழையது போய்விட்டது என்று வெளியில் சின்ன சார்ஜர் வாங்கியிருந்தால் மெஷின் கரண்ட் போதாமல் வேகத்தைக் குறைக்கும். ஒரிஜினல் சார்ஜரின் அடியில் 20 வோல்ட், 7.5 ஆம்பியர் என்பது போல இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 150 வாட். மாற்றுச் சார்ஜரிலும் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், வாட் குறையக் கூடாது.

நண்பனிடம் இதே ஆர்டிஎக்ஸ் 3050 இருக்கிறது, அவனுக்கு மட்டும் வேகமாக ஓடுகிறது என்று மகன் சொல்லக்கூடும். ஓவர்கிளாக் ஆசை பாதி அங்கிருந்துதான் வருகிறது. குற்றம் பையன் மேல் இல்லை. ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை அந்த சிப்பை வைத்து விற்கிறார்கள். குறைந்த வாட் என்றால் வேகமும் குறைவு. அட்டைப்பெட்டியில் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் வாட்டை எங்கோ இணையதளத்தின் மூலையில் போடுகிறார்கள், சில மாடலுக்கு அதுவும் கிடையாது. வாங்கும்போது இதை யார் சொல்லித் தந்தார்கள்? மூன்று வருடம் கழித்து ஒரு ஃபேன் போய்விட்டால், ஃபேனை மட்டும் விற்க மாட்டோம், முழு ஹீட் சிங்க்கையும் வாங்கு என்கிறார்கள், அதற்கும் மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு இணையதளம் தொடங்கியது. உதிரி பாகம் தர வேண்டிய கம்பெனிக்காரர்கள் அசைய வேண்டாமா? மூன்று வருடத்துப் பொருளைக் கொண்டு போய்க் கொடுத்தால், திறந்து பார்ப்பதற்கு முன்பே மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று லேப்டாப் விலையில் பாதியைச் சொல்லுகிற சர்வீஸ் சென்டரை நானே பார்த்திருக்கிறேன். கடலூர்க்காரர்கள் சர்வீஸுக்கென்றே ஒரு நாளைத் தொலைத்துவிட்டு அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இன்று இரவே, காசில்லாமல், கேமின் செட்டிங்கில் ஃபிரேம் ரேட்டை, அதாவது ஒரு நொடியில் திரையில் ஓடும் படங்களின் எண்ணிக்கையை, 60-க்கு மேல் போகாமல் மகன் நிறுத்தி வைக்கட்டும். மெத்தை மேல் வைத்து விளையாடுவதை விடட்டும். கடலைப் பார்த்த ஜன்னலை விட்டு மேஜையை நகர்த்துங்கள். விளையாடாத நேரத்தில் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பையில் வைக்கலாம்.

இந்த வாரம் தூசி, பேஸ்ட் வேலையை முடியுங்கள். கடைக்குப் போவதற்கு முந்தைய நாள் அரை மணி நேரம் விளையாடி, ஆஃப்டர்பர்னரோடு வரும் திரை அளவீட்டில் அதிகபட்ச டிகிரி எவ்வளவு என்று எழுதிவைக்கட்டும். வேலை முடிந்ததும் கடையிலேயே அதே கேமை, அதே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும். உதாரணத்துக்கு, புராசஸர் 95-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது 85 பக்கம் இறங்கியிருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இறங்கவில்லையென்றால் ஃபேன் தேய்ந்திருக்கிறது, அல்லது ஹீட் சிங்க்கை ஒழுங்காக உட்கார வைக்கவில்லை. மறுபடி திறக்கச் சொல்லுங்கள், அதற்கு வேறு கூலி கிடையாது. ராம் அடுத்த மாதம் வாங்கினாலும் போதும்.