தொல்லியல் கேள்வி–பதில்: தோண்டாமல் தேடும் ஹிட்டைட் எல்லை

ஹிட்டைட் என்றாலே ஹத்துசாதான் பேச்சு. அதற்கு வடமேற்கே, காஸ்கா மக்கள் பக்கம் யாரும் தேடவில்லையா?
– வாசகர், திருச்சி

தேடினார்கள், ஆனால் தாமதமாக. பண்டைய ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்துசாவில் (இன்றைய துருக்கியின் போவாஸ்கலே) 1906-லேயே அகழாய்வு தொடங்கிவிட்டது. வடமேற்கே சாங்கிரி, காராபுக் மாகாணங்களைத் தொல்லியலாளர் ரோஜர் மேத்யூஸ் குழு முறையாக நடந்து பார்த்தது 1997 முதல் 2001 வரை. அந்த வட்டாரத்தின் பழைய பெயர் பாஃப்லகோனியா. ஹத்துசாவின் களிமண் பலகைகளில் வடக்கு ஓயாமல் வருகிறது: அங்கே வாழ்ந்த, ஹிட்டைட்டுக்கு அடங்காத காஸ்கா மக்களின் படை வந்தது, ஊரை எரித்தது என்று. ‘பன்றி மேய்ப்பவர்கள், லினன் நெய்பவர்கள்’ என்று ஏளனமும் உண்டு. எழுதியதெல்லாம் ஹிட்டைட் தரப்பு; காஸ்கா தரப்பில் ஒரு வரி இல்லை. இந்த ஒருதலை வழக்கில் நிலத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

தோண்டாமல் பழைய ஊரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

முதல் வேலை மேசையில். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்களை 1995-இல் வெளியிட்டார்கள். டிராக்டரும் வாய்க்காலும் சமன்படுத்துவதற்கு முந்தைய நிலம் அவற்றில் அப்படியே இருக்கிறது. ஊர்ப்பெயரையும் பாருங்கள்: பழைய ஊர்கள் அடுக்கடுக்காக இடிந்து உயர்ந்த மண்மேட்டுக்குத் துருக்கியில் ‘ஹோயுக்’ என்று பெயர். அது ஒட்டிய ஊரென்றால் போய்ப் பார்க்காமல் விடக்கூடாது.

பிறகு நடை. அறுவடை முடிந்து, உழுது, ஒரு மழையும் பெய்திருந்தால் உத்தமம். மண் கழுவிப்போய் ஓடு (உடைந்த பானைத் துண்டு) பளிச்சென்று தெரியும். ஐந்து பேர் 15 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இருபக்கமும் ஒவ்வொரு மீட்டர்தான் கவனமாகப் பார்க்க முடியும். அதாவது 15 மீட்டரில் 2 மீட்டர், சுமார் 13 சதவீதம். 100 மீட்டர் அகலமுள்ள ஊர் தப்பாது. 10 மீட்டர் அகலத் தொழுவம் இரண்டு பேருக்கு நடுவே நழுவிவிடும். 100 மீட்டருக்கு ஒருமுறை நின்று, எண்ணிய ஓடுகளையும் தரை எத்தனை சதவீதம் தெரிந்தது என்பதையும் எழுத வேண்டும். 30 சதவீதம் தெரிந்த வயலில் 12 ஓடு என்றால், திருத்திய கணக்கு 40. தரை 5 சதவீதம்தான் தெரிந்தது என்றால் இந்தத் திருத்தத்தைச் செய்யாதீர்கள். ஒரு ஓடு இருபதாகப் பெருகிக் கணக்கையே கெடுக்கும். வயலெங்கும் மெலிதாகப் பரவிய ஓடு ஊராகவும் இருக்க வேண்டியதில்லை. குப்பை உரத்தோடு வண்டியேறி வந்ததாக இருக்கலாம்.

மேடு கிடைத்தால் நடை மாறும். உச்சி, நான்கு சரிவுகள், அடிவாரம் என்று பிரித்துத் தனித்தனிப் பையில் சேகரிக்க வேண்டும். ஏனென்றால் உச்சியில் ரோமானியரோ பைசாந்தியரோ உட்கார்ந்திருப்பார்கள். கி.மு. 1650–1180 ஹிட்டைட் அடுக்கு அவர்களுக்கு அடியில். அது எட்டிப்பார்ப்பது சரிவில் அரிப்பு ஓடிய இடத்தில், சாலைக்காக வெட்டிய பக்கத்தில், எலி வளையின் வாயில். புதையல் திருடர் தோண்டிய குழியும் (வயிற்றெரிச்சல்தான்) ஓர் அடுக்கைக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டவர் வீட்டுக்குப் போய் அழ வேண்டியதுதான். பென்சிலில் எழுதிய சீட்டு பைக்குள்ளே, மார்க்கர் எழுத்து வெளியே. வெளியெழுத்து வெயிலில் மங்கும், பென்சில் நிற்கும்.

ஓட்டைப் பார்த்ததும் ‘ஹிட்டைட்’ என்று சொல்லிவிட முடியுமா?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பெரும்பாலும் முடியாது. துறையின் தலைவலியே இதுதான். ஹிட்டைட் பானை சக்கரத்தில் வனைந்தது, பழுப்பு நிறம், அலங்காரம் அநேகமாக இல்லை. நூற்றாண்டுகள் கடந்தும் அதிகம் மாறாதது. பானையின் வயிற்றுப் பகுதித் துண்டு எதையும் சொல்லாது; விளிம்பு, அடி, கைப்பிடி பேசும். விளிம்பை வட்ட அளவுத்தாளில் வைத்துப் பாருங்கள். வட்டத்தில் 5 சதவீதம்கூட இல்லாத துண்டிலிருந்து விட்டம் கணிக்காதீர்கள். ஓரத்தைக் குறட்டால் சிறிது கிள்ளினால் களிமண்ணில் கலந்தது மணலா, வைக்கோலா, சுண்ணாம்பா என்பது புதிய முறிவில் தெரியும். பழைய முறிவு அழுக்கேறிப் பொய் சொல்லும்.

அடையாளம் காட்டுபவை சில: விளிம்பில் கயிறு பதிந்த பெரிய தட்டு, படையலுக்கான குட்டிக் கிண்ணம், நீட்டிய கை வடிவத்தில் பளபளக்கும் சிவப்புக் கலம். கடைசியது சிறு துண்டாகக் கிடைத்தாலும் துள்ளிக் குதிக்கலாம்.

ஹிட்டைட் ஓடு கிடைக்கவில்லை என்பதால் அங்கே அப்போது ஆளில்லை என்று எழுதிவிடுவது தவறு. காஸ்கா மக்களுக்கென்று உறுதியாக ஒதுக்கக்கூடிய பானைவகை நம் கையில் இல்லை. மரத்தால் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் மேடு விட்டுச்செல்ல மாட்டார்கள். ஆற்றுப்படுகையில் வண்டல் மூடிய ஊர் எத்தனை தடவை நடந்தாலும் தெரியாது. வரைபடத்தில் வெறுமையை வரையும்போது, நடந்து பார்த்த வெறுமைக்கு ஒரு நிறம், நடக்காததற்கு வேறு நிறம் போட வேண்டும். பல வரைபடங்கள் இதைச் செய்வதில்லை.

பெரிய கண்டுபிடிப்பு எதுவும் மேற்பரப்பிலேயே கிடைத்ததுண்டா?
– வாசகர், கோவை

உண்டு, தெற்கே கொன்யா சமவெளியில். 2019-இல் துர்க்மென்-காராஹோயுக் மேட்டை ஆய்ந்த குழுவிடம், வாய்க்காலில் எழுத்துள்ள கல் கிடப்பதாக உள்ளூர் விவசாயி சொன்னார். பாதி தண்ணீருக்குள் இருந்தது. லூவிய (ஹிட்டைட்டுக்கு உறவான பழைய மொழி) சித்திர எழுத்து. ‘மாமன்னர்’ ஹர்த்தாப்பு, அண்டை நாடான முஸ்காவை வென்றதாகச் சொல்கிறது. எழுத்தமைதி கி.மு. 8-ஆம் நூற்றாண்டு, அதாவது ஹிட்டைட் பேரரசு விழுந்து நெடுங்காலம் கழித்து. அதுவரை இந்த மன்னரைப் பேரரசின் கடைசிக் கட்டத்தை ஒட்டி வைத்தவர்கள் பலர்.

சுற்றுலா போகும்போது ஒரு ஓடு எடுத்து வரலாமா?
– வாசகர், சென்னை

கூடாது. துருக்கியின் 1983-ஆம் ஆண்டு 2863-ஆம் எண் சட்டப்படி அது அரசின் சொத்து. நாட்டைவிட்டு எடுத்துச் சென்றால் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆய்வுக் குழுக்களே அமைச்சக அனுமதியோடு, அரசுப் பிரதிநிதி ஒருவர் உடன் வரத்தான் களத்தில் இறங்குகின்றன. படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள்.